மலை ஏறி இறங்கினவ

என்னோடொத்த வயதுக்காரரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிளினிக்கில் டொக்டர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் உண்மைதான் சொல்கிறீர்களா? நான் சொல்வதில்லை. மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றால் ஓம். உப்பைக் குறைத்துவிட்டீர்களா என்றால் அதற்கும் ஓம். போன கிழமை, மீசைகூட இன்னும் சரியாகக் கறுக்காத ஒரு டொக்டர் தம்பி என் கணுக்காலை அமத்திப் பார்த்துவிட்டு, "அம்மா, படியேறினால் மூச்சு வாங்குமோ?" என்று கேட்டார். நான் யோசிக்க முன்னரே வாயிலிருந்து "இல்லை" விழுந்துவிட்டது. மகள் பக்கத்தில் நின்றாள்.

அந்த 'இல்லை' என்னுடையது அல்ல. எனக்குப் பதினொரு வயதாக இருக்கையில் ஒரு மலையில், மழைக்குள் வைத்து, அம்மா என்னிடம் தந்தது. அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆருக்கும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் உங்களுக்கும் எனக்கும் இப்போது நேரத்துக்குப் பஞ்சமில்லையே, ஆறுதலாகவே சொல்கிறேன்.

எங்கள் வீடு சுன்னாகத்துக்குக் கிட்ட. ஐயாவுக்கு, என் தகப்பனுக்கு, வெங்காயத் தோட்டம். மழைக் கணக்கில் எங்கள் ஊரில் ஐயாவை மிஞ்ச ஆளில்லை. "அண்ணை, நாளைக்கு நடலாமோ?" என்று கேட்டுக்கொண்டு பின்னேரங்களில் வாசல் படலையடியில் ஆட்கள் நிற்பார்கள். ஐயா வானத்தை ஒரு பார்வை பார்ப்பார், மண்ணைக் காலால் கிளறுவார், "ரெண்டு நாள் பொறும்" என்பார். இரண்டாம் நாள் மழை வரும். அப்படிப்பட்ட மனிதர்தான் எங்களைக் கொட்டுகிற மழைக்குள் கொண்டுபோய் விட்டார். அதுவும் எங்களிடம் இருந்த ஒரே குடையை வீட்டில் வைத்துவிட்டு.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. அவனுக்கு முட்டு வருத்தம். மாரி தொடங்கினால் போதும், இரவில் எழுந்திருந்து மூச்சை இழுப்பான். நெஞ்சு துருத்தி போல ஏறி இறங்கும். சந்தையில் வெங்காயம் ஏற்றும் லொறிக்காரர் ஒருவர் ஐயாவிடம், சிவனொளிபாத மலைக் காற்றுப் பட்டால் முட்டு ஓடிப்போகும், தன் மருமகனுக்கு ஓடினது என்று சொல்லியிருக்கிறார். ஐயா அன்றைக்கே நேர்த்தி வைத்துவிட்டார். பிள்ளையைக் காவிக்கொண்டுபோய் உச்சியிலுள்ள உன் பாதத்தைக் காட்டுகிறேன், அவனுடைய முட்டு வருத்தத்தை எடுத்துவிடு.

எப்போது போவது? அதுதான் ஐயாவுக்குக் கைவந்த கணக்கு. மாரியில் போனால் மழை, தம்பிக்கு ஆகாது. ஆவணியில் வெங்காயம் கிண்டி முடிந்துவிடும், பள்ளிக்கூடம் லீவு, வானத்தில் ஒரு பொட்டு முகில் இராது, சோளகக் காற்று மட்டும் செம்மண்ணை அள்ளி வீசிக்கொண்டு நிற்கும். ஆவணியில் மலையேறினால் நனையவே தேவையில்லை. நல்லூர்க் கொடியேறி ஊரே தேருக்குக் காத்திருக்கிற நேரம், நாங்கள் மூட்டை கட்டினோம்.

அம்மா கோதுமை மாச் சாக்கில் மூன்று தோள்பைகள் தைத்தார். எத்தனை தரம் தோய்த்தும் அந்தச் சாக்கில் நீல எழுத்துப் போகவில்லை. என் முதுகில் பாதி எழுத்தும் ஐயாவின் முதுகில் மீதி எழுத்துமாகத்தான் நாங்கள் வெளிக்கிட்டோம். பைக்குள் பயற்றம் உருண்டை, புளிச்சோறு, பனங்கட்டி, கொத்தமல்லி, போர்வை, ஒரு டோச் லைட். அம்மா குடையையும் செருகினார். ஐயா அதை உருவி எடுத்துக் கதவுக்குப் பின்னால் கொழுவினார்.

"ஆவணியிலை குடையோ? ஊர் சிரிக்கும்."

"ஒரு பாதுகாப்புக்குத்தானே."

"நான் துலா மிதிச்ச ஆள். மலை என்ன மலை? நீர் சும்மா வாரும்."

துலா தெரியாத பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நீளமான பனை மரம் அது. அதில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு மனிதன் ஏறக்கூடிய உயரம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் தட்டை. அந்தத் துலாவை வைத்துத்தான் ஐயா மலையை அளந்தார்.

இனித் தண்ணீர்க் கதை. பிறத்தித் தண்ணி, அதாவது வெளியாரின் தண்ணி, குடித்தால் காய்ச்சல் வரும் என்பது ஐயாவின் முடிவு. ஆகவே எங்கள் கிணற்றுத் தண்ணீரை இரண்டு மஞ்சள் பிளாஸ்ரிக் கான்களில் நிரப்பி, மூடிக்கு மெழுகு உருக்கி ஊற்றிக்கொண்டோம். ஒன்று வழிக்கு. மற்றது மலைக்கு. வழிக்கான கான் இரண்டு ரயிலிலும் தீர்ந்து போனது. மலைக்கான கானை அம்மா காவினார். அது ஒரு கலன், நாலரை லீற்றர், பிடிக்கும். ஐயா தம்பியைக் காவ வேண்டும், நான் போர்வைப் பையைக் காவினேன், வேறு ஆர் இருக்கிறார்கள்? வீட்டிலேயே அம்மா அந்த நாட்களில் இரண்டு வாளி அள்ளிவிட்டுக் கிணற்றுக்கட்டில் குந்திவிடுவார். "என்னம்மா?" என்றால், "வெய்யில் பிள்ளை" என்பார். எங்கள் ஊர் முழுக்க வெய்யில்தானே, நான் நம்பினேன்.

ஹட்டனில் இறங்கும்போதே நிலம் ஈரமாக இருந்தது. ஐயா அதைப் பனி என்றார். பஸ்ஸில் போய் மலையடியில் இறங்கினோம். அந்த ஊருக்குப் பெயர் நல்லதண்ணி. பெயர்ப்பலகையை நான் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சிரித்தேன். அம்மாவும் கானைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஐயாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதையோரத்தில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரின் வரிசை வீடுகள், லயம். வாசலில் ஒரு அக்கா கம்பளியால் தலையை மூடிக்கொண்டு நின்றார். அம்மாவின் வயதுதான் இருக்கும், ஆனால் எனக்கு அக்கா என்றுதான் வாயில் வந்தது. எங்கள் தோள்பைகளைப் பார்த்ததும் அவர் இறங்கி ஓடிவந்தார்.

"என்னங்கய்யா, இந்த மாசத்துல யாராச்சும் மலை ஏறுவாங்களா? சீசன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. கடையெல்லாம் பிரிச்சிட்டுப் போயிட்டாங்க. லைட்டும் இல்ல. படியில தண்ணி ஆறாட்டம் ஓடுது."

"நாங்கள் நேத்தியிலை வந்தனாங்கள். பாத்துக்கொள்ளுவம்."

"அப்ப இருங்க, ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போங்க. அம்மா முகமே சரியில்லையே."

"வேண்டாம். எங்களிட்டைத் தண்ணி இருக்கு" என்றார் ஐயா. கையால் கானைக் காட்டினார்.

அம்மா அந்த லயத்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அடுப்பில் இஞ்சி கொதிக்கிற வாசம் வந்தது. அம்மாவுக்கு அந்தத் தேத்தண்ணி வேண்டியிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. ஐயாவுக்குப் பயம் காய்ச்சலுக்கா? இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. தோட்டத்துச் சனத்தின் கையால் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பதை நாங்கள் 'பிறத்தித் தண்ணி' என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அந்த மரியாதையின் பாரம் ஒரு கலன். அதை அம்மா காவினார்.

ஏறத் தொடங்கி ஒரு மணித்தியாலம் இராது, மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை சொல்லிவிட்டு வரும். இடிக்கும், மின்னும், கறுக்கும். இது முகிலே கீழே இறங்கிவந்து எங்களைச் சுற்றி நின்று நனைத்தது. படியில் தண்ணீர் கணுக்கால் மட்டும் ஓடியது. அட்டைகள் சப்பாத்துக்குள்ளே புகுந்தன. ஐயா தம்பியைத் தோளில் இருத்தி, போர்வையால் மூடி, முன்னால் போனார். பத்துப் படிக்கு ஒரு தரம் கேட்பார்.

"முட்டுதோ ராசா?"

"இல்லை ஐயா."

"முட்டுதோ?"

"இல்லை."

தம்பிக்கு ஒன்றும் முட்டவில்லை. யானைமேல் போகிறவன் போல அவன் சந்தோஷமாக இருந்தான். நான் நடுவில். அம்மா கடைசியில். ஐயா கேட்கவேண்டிய கேள்வியைப் பிழையான ஆளிடம் கேட்டுக்கொண்டே ஏறினார்.

அம்மா நிற்கத் தொடங்கினார். முதலில் சேலையைத் தூக்கிச் செருக நின்றார். பிறகு அட்டை பிடுங்க நின்றார். பிறகு, "உங்கை பார் பிள்ளை, என்ன வடிவான பூ" என்று நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே பூ இல்லை, மூடுபனிப் புகார்தான் இருந்தது. அம்மாவின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நீலம். கழுத்தில் ஒரு நரம்பு துடித்துத் துடித்து எழும்பியது.

"அம்மா, உங்களுக்கு முட்டுது."

"இல்லை."

"ஐயாவைக் கூப்பிடட்டோ?"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஐஸ் மாதிரி இருந்தது. "கூப்பிடாதை. நடுவிலை விட்டிட்டு இறங்கினால் நேத்தி பிழைச்சுப்போம். பேந்து தம்பிக்கு எப்பவும் சுகம் வராது. ஐயாட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை. என்ரை குஞ்செல்லே."

பதினொரு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? சொன்னால் தம்பி சாவான். சொல்லாவிட்டால் அம்மா சாவார். எனக்கு அப்படித்தான் விளங்கியது. "கானையாவது தாங்கோ" என்றேன். தரவில்லை. "உனக்குத் தோள் இறங்கிப்போம், வளருற பிள்ளை" என்றார். இன்றைக்கும் சந்தைக்குப் போய் எதையாவது காவிக்கொண்டு வந்தால் அந்த வசனம் காதில் விழும், எரிச்சலாக வரும்.

நாலு மணிக்கே இருட்டியது. மலையின் பாதிக்கு மேல் ஒரு அம்பலம் இருந்தது. யாத்திரிகர் தங்குகிற கொட்டில். தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வெளி. ஐயா உச்சிக்கே போய்த் தங்குவதென்றுதான் கணக்குப் போட்டிருந்தார். மேலே பார்த்தார். மேல் என்று ஒன்று தெரியவில்லை. "இண்டைக்கு இஞ்சை தங்குவம்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நெருப்புப் பெட்டி நனைந்து களியாகிவிட்டது. ஐயா ஒவ்வொரு குச்சாக உரசிப் பார்த்தார். பெட்டியே கரைந்து கையோடு வந்தது. அம்மா ஒன்றுதான் கேட்டார்: "ஒரு மிடறு சுடுதண்ணி இருந்தால் நல்லது." மலை முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, கூரையில் கொட்டுகிறது, கான் நிறையக் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது, சுடுதண்ணி ஒரு மிடறு இல்லை. ஐயா மெழுகை உடைத்து, மூடியில் வார்த்துக் கொடுத்தார். அம்மா வாயில் வைத்தார், இருமினார், மூடியைத் திருப்பித் தந்தார்.

தம்பிக்கு நெஞ்சில் எண்ணெய் பூசி, இருந்த ஒரே காய்ந்த சாரத்தால் சுற்றிப் படுக்கவைத்தோம். படுத்த உடனேயே நித்திரையாகிவிட்டான். ஐயா அவனுடைய நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "ஒரு சத்தமும் இல்லை" என்று என்னிடம் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

அம்மா படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து இருந்தார்.

"இஞ்சாரும், சரிஞ்சு படுமன்" என்றார் ஐயா.

"எனக்கு நித்திரை வரேல்லை. நீங்கள் படுங்கோ."

ஐயா களைத்துப்போன மனிதர், படுத்தார். படுக்காமல் இருந்தபடி இரவு முழுவதும் விழித்திருக்கிற ஆளுக்கு என்ன வருத்தம் என்று இப்போது எனக்குத் தெரியும். நானும் மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறேன். அப்போது தெரியாது. சுவர் குளிர்கிறதே என்று நான் போய் அம்மாவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்துகொண்டேன். அம்மா என்மேல் சாய்ந்தார். அவருடைய மூச்சு என் நெஞ்சுக்குள்ளால் போனது. பானையில் கஞ்சி கொதிக்கிற சத்தம் போல உள்ளே ஏதோ குமுறிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருந்தேன். நின்றுபோனால் என்ன செய்வது என்று தெரியாமல் எண்ணினேன். ஐயா ஐந்தடி தள்ளிப் படுத்திருந்தார். ஒரு சொல்லுத்தான். கூப்பிட்டிருக்கலாம்.

விடிந்தது. மழை விடவில்லை. அம்மா எழும்பினார், நாலு படி ஏறினார், ஐந்தாம் படியில் குந்திவிட்டார். ஐயா மேலேயும் பார்த்தார், கீழேயும் பார்த்தார்.

"இஞ்சாரும், என்ன செய்யுது?"

"கால் உளைவு. வேறை ஒண்டுமில்லை."

"அப்ப நீரும் பிள்ளையும் இஞ்சை இரும். நான் இவனைக் கொண்டுபோய்க் காட்டியிட்டு ஓடிவாறன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஐயா தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு புகாருக்குள் போனார். "முட்டுதோ ராசா?" என்ற குரல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எத்தனை மணித்தியாலம் அங்கே இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கூப்பிட்டால் "ம்" என்றார். பிறகு அந்த "ம்" வர நேரமெடுத்தது. நான் வெளியே ஓடிப்போய் நின்று கத்தினேன்.

"ஆரும் இருக்கிறியளோ?"

இருக்கிறியளோ என்று யாரோ பதிலுக்குக் கேட்டார்கள். எனக்கு உயிரே வந்தது. "எங்கடை அம்மாவுக்கு ஏலாது! ஓடிவாங்கோ!" என்றேன். வாங்கோ, வாங்கோ என்று அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ அழுதார்கள். தட்டை நிலத்தில் பிறந்த பிள்ளை, மலை நம் குரலைத் திருப்பித் தரும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அங்கேயும் ஒரு பிள்ளை தன் அம்மாவோடு தனியே நிற்கிறது என்று நினைத்தேன். நாலைந்து தரம் கத்திய பிறகுதான் அது நான் என்று விளங்கியது. அதைப்போல ஒரு தனிமையை நான் பிறகு ஒருநாளும் அனுபவிக்கவில்லை. பதுங்கு குழிக்குள்கூட இல்லை.

வந்தது அந்த லயத்து அக்கா. கூடவே அவருடைய புருஷன். நாங்கள் இறங்கவில்லை என்று இரவெல்லாம் மனம் கேட்காமல், விடிந்ததும் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஏறி வந்திருக்கிறார்கள். அக்கா வந்த வேகத்தில் அம்மாவை நிமிர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டு, மூடியில் தேத்தண்ணியை வார்த்துப் பருக்கினார். அம்மா குடித்தார். இஞ்சி வாசம். இரண்டு மூடி குடித்தார். அக்கா அம்மாவின் கணுக்காலைப் பெருவிரலால் அமத்தினார். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

"தண்ணி கோத்திருக்கு. என் மாமியாருக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. இது நெஞ்சு சீக்கும்மா. எத்தன நாளா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

புருஷன் அம்மாவைக் கம்பளியால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டித் தூக்கினார். அம்மாவுக்கு வெட்கம், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஐயா மேலேயிருந்து இறங்கி வந்தார். உச்சியில் கோயில் பூட்டியிருந்ததாம். பூட்டின கதவைத் தம்பியின் கையால் தொட வைத்துவிட்டு வந்திருக்கிறார். சொல்லிக்கொண்டே வந்தவர் அம்மாவைக் கண்டார். இன்னொருவனின் முதுகில். அவருடைய வாய் திறந்தபடி நின்றது. பிறகு குனிந்து அந்தக் கானைத் தூக்கிக்கொண்டார்.

இறங்கினோம். லயத்தில் அடுப்பங்கரையில் எங்களை இருத்தினார்கள். ஐயாவின் கையிலும் ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தார்கள். ஐயா குடித்தார். எனக்கு அது உலகம் புரண்டதுபோல இருந்தது. கானில் கிடந்த எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாசல் வடிகானில் ஊற்றிவிட்டு, வெறுங்கானைத் தோளில் கொழுவினார். புறப்படும்போது அக்கா சொன்னார்: "ஐயா, அம்மாவ பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க. வெளையாட்டா விட்ராதீங்க."

"ஓம் ஓம்" என்றார் ஐயா.

ரயிலில், அம்மா யன்னலில் தலையைச் சாய்த்துக் கிடக்கையில், ஐயா என்னைத் தன் பக்கத்துக்குக் கூப்பிட்டார். "ஊரிலை ஒருத்தரும் அறியப்பிடாது. ஆரோ ஒரு தோட்டத்தான் கொம்மாவை முதுகிலை காவினவன் எண்டு தெரிஞ்சால் நாங்கள் தலைகாட்ட ஏலாது. ஏறினம், இறங்கினம். விளங்கிச்சோ?" விளங்கியது. அம்மா ஒரு பூட்டுப் போட்டிருந்தார். ஐயா அதன்மேல் இன்னொன்று போட்டார்.

ஊரில் கதை வேறு மாதிரி ஓடியது. "எல்லாரும் ஏறி இறங்கினம். இவவும் ஏறி இறங்கினவ" என்று ஐயா படலையடியில் நின்று சொல்வார். முதலில் என் முகத்தைப் பாராமல் சொன்னார். ஒரு மாதம் போக, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். ஊரில் அம்மாவுக்கு ஒரு மதிப்பும் வந்தது. கிணற்றடியில் பெண்கள், "மலையே ஏறின ஆளுக்கு இந்த வாளி என்ன பாரம்?" என்று பகிடி விடுவார்கள். அம்மா சிரித்துக்கொண்டு அள்ளுவார். அந்தச் சிரிப்பை நான் தூரத்தில் நின்று பார்ப்பேன்.

தம்பிக்கு அந்த மாரியில் முட்டு வரவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகும் வரவில்லை. வளர்ந்து போக மாறுகிற வருத்தம் அது என்று இப்போது சொல்கிறார்கள். இருக்கட்டும். அவன் கனடாவில் இருக்கிறான், பனி வாருகிறான், மலைதான் தன்னைச் சுகப்படுத்தியது என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறான். நான் மறுத்ததில்லை.

மார்கழியில் அம்மா அடுப்படியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்னையும் கூட்டிப் போனார்கள், துணி எடுத்துக் கொடுக்க. டொக்டர் வயதான மனிதர், நல்ல மனிதர். இருமலைக் கேட்டார், நெஞ்சில் குழாயை வைத்தார், நெற்றியைச் சுருக்கினார். ஐயாவிடம் கேட்டார்.

"இதுக்கு முந்தி இப்பிடி மூச்சு வாங்கினதோ? நடந்தால், ஏதும் ஏறினால்?"

ஐயா நிமிர்ந்தார். பயந்துபோன மனிதன் கைக்குக் கிடைத்த நல்ல விஷயத்தை எப்படிப் பிடித்துக்கொள்வான், அப்படித்தான் பிடித்துக்கொண்டார்.

"சீச்சீ, இல்லை டொக்டர். இவ ஆவணியிலை சிவனொளிபாத மலை ஏறி இறங்கினவ."

"மலையோ!" டொக்டர் சிரித்தார். நெற்றி விரிந்தது. "அப்ப பயப்பிட ஒண்டுமில்லை. இது சளிதான்."

அம்மா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். படுக்கவில்லை, இருந்தபடிதான். உதடு மறுபடியும் நாவற்பழ நிறம். சொல்லவேண்டியதெல்லாம் எனக்கு வரிசையாகத் தெரியும். ஆள் முதுகில் காவித்தான் இறக்கினது, காலில் குழி விழுந்தது, இரவு முழுக்க என்மேல்தான் சாய்ந்திருந்தவ. அம்மா தலையை மிக மெல்ல, இல்லை என்று ஆட்டினார். நான் மடியிலிருந்த துணியை மடித்தேன். மடித்ததை விரித்து மறுபடியும் மடித்தேன். இருமல் மருந்து எழுதித் தந்தார்கள்.

தை பிறக்க முன்னர் அம்மா போய்விட்டார்.

சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தவராம். அது இருதயத்தைத் தின்றிருக்கும் என்று பின்னாளில் ஒரு டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன பெரிய வைத்தியம் இருந்தது? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில நாட்களில் அது கேட்கும், சில நாட்களில் கேட்காது.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திர ரீச்சர் கரும்பலகையில் ஒரு மலை கீறினார். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று தன்னிடமுள்ள மழையை எல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு யாழ்ப்பாணம் வந்துசேர்கிறது, அதைத்தான் நாங்கள் சோளகம் என்கிறோம் என்றார். ஐயா வானத்தைப் பார்த்து வைத்த கணக்கில் ஒரு பிழையும் இல்லை; அது எங்கள் வானத்தின் கணக்கு, அவ்வளவுதான். நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். ரீச்சர் காய்ச்சலோ என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஐயா எண்பது வயதுவரை இருந்தார். அம்மாவின் திவசத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் மலை ஏறி இறங்கினவ என்பார். அந்த மஞ்சள் கானில் மண்ணெண்ணெய் வைத்திருந்தோம். இடம்பெயர்ந்தபோது அதுவும் வீட்டோடு போனது. அந்த லயத்து அக்காவுக்கு ஒரு கடிதம்கூட நாங்கள் போடவில்லை. பெயரும் கேட்கவில்லையே, எப்படிப் போடுவது?

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். டொக்டர் தம்பி என் 'இல்லை'யைக் கிளினிக் அட்டையில் எழுதப் பேனையை எடுத்தார். மகள் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். அவள் பொறுமைசாலி அல்ல. ஐயாவின் வாயும் இல்லை, என் வாயும் இல்லை. எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"அம்மா பொய் சொல்லுறா டொக்டர்" என்றாள். "உங்கடை படி ஏறேக்கை மூண்டு தரம் நிண்டவ. நிண்டு, சுவரிலை ஒட்டின நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி நடிச்சவ. இரவிலை இருந்துகொண்டுதான் நித்திரை."

எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை பேருக்கு நடுவில் பெற்ற தாயைப் பொய்க்காரி என்கிறாளே. திரும்பி அவளைப் பார்த்தேன். தலையை மெல்ல ஆட்டப்போனேன், இல்லை என்று. அப்போதுதான் என் தலை என்ன செய்யப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. கழுத்து அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா?" என்றார் டொக்டர். "மூச்சு வாங்குமோ?"

"ஓம் தம்பி, வாங்கும்" என்றேன்.

அந்தச் சொல் ஐம்பது வருடத்துக்கு மேல் பிந்தி வந்தது. வந்தும் அதைச் சொல்லவேண்டிய ஆளுக்காகச் சொல்லவில்லை, எனக்காகத்தான் சொன்னேன்.